சப்பாத்துக்கு என்ன பெயர்?

ஆறு நாளாக அம்மா மீன் சமைக்கவில்லை. தம்பி நல்லபடி போய்ச்சேர நேர்த்தி என்றாள்.

தம்பி உதயரூபன் ஏஜென்சிக்காரனை நம்பிப் போர்த்துக்கலுக்குக் களவாகப் போகிறான். பாதி வழி வாகனம், பாதி வழி நடை. ஷூவுக்கு நாங்கள் சொல்லும் 'சப்பாத்து' அந்த நாட்டிலிருந்து எங்களுக்கு வந்த சொல். வழிநெடுக அதன் சொந்தங்களை விசாரித்து எனக்கு அனுப்புவான். இத்தாலியில் செருப்புக்குச் 'சாபாத்தா'. பிரான்சில் பழஞ்செருப்புக்குச் 'சவாத்'.

"இண்டைக்கு எங்க நிக்கானாம் புள்ள?"

"ஸ்பெயினில அம்மா. சப்பாத்துக்குத் 'தபாத்தோ'வாம்."

"பல்லுப் போனவன் சொன்ன மாதிரிக் கிடக்கு."

"நாளைக்குப் போர்த்துக்கல். நேர்த்தி முடிஞ்சிரும், மீன் ஆக்குங்க."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"இத்தாலிக்குப் பிறகு எல்லாம் நீயாச் சொன்னதுதானே?"

நான் தலைகுனிந்தேன். ஆறு நாளாக அவனுடைய போன் வேலை செய்யவில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்று, இணையத்தில் தேடித்தான் சொல்லி வந்தேன்.

"அவனோட நடந்த பொடியன் எனக்குத்தான் போன் எடுத்தவன். நீ தாங்கமாட்டாய் எண்டு சொல்லல்ல. இது நேர்த்தி இல்ல புள்ள, செத்த வீட்டுத் துடக்கு. தம்பி இத்தாலி மலையில, பனிக்குள்ள செத்துப்போனான்."