ஐந்தாவது கேள்வி

விஜய்பாண்டி கோவை பஸ் ஏற இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. புது வேலை கிடைத்துவிட்டதால், கம்பத்து ஆங்கிலப் பயிற்சி மையத்தில் ஆசிரியராக அவனுக்கு அன்றுதான் கடைசி வகுப்பு.

மையம் நடத்தும் கஸ்தூரியம்மாள் மாணவர்களின் விடைத்தாள்களோடு வகுப்புக்குள் வந்தார்.

"லிசனிங் டெஸ்ட்ல இருபத்திரண்டு பேரும் அஞ்சாவது கேள்வியத் தப்பா எழுதியிருக்கீக. பவானி, நீயும் விஜய்பாண்டியும் பேசிப் பதிவு பண்ணினதுதான இது?"

அவனோடு சேர்ந்து பாடம் நடத்தும் பவானி, அவன் பக்கத்தில் நின்றபடி தலையாட்டினாள்.

கஸ்தூரியம்மாள் செல்போனில் அதை ஓடவிட்டார். வெளியூரில் வேலை கிடைத்திருப்பதாக ஆண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. ரொம்ப சந்தோஷம், போய் வாருங்கள் என்றது பெண் குரல்.

"அவன் போறதுல அவளுக்குச் சம்மதமான்னு கேள்வி. ஆமான்னு பவானி விடை குடுத்திருக்கா. நீங்க எல்லாரும் இல்லைன்னு எழுதியிருக்கீக. ஏம்மா பாஜிலா, இவ்வளவு லேசான இங்கிலீஷ் கூடவா புரியல?"

"வார்த்தையெல்லாம் புரிஞ்சது மேடம். டீச்சர் குரலக் கேட்டா அப்படித் தெரியல."

"குரலப் பாக்க இதென்ன பாட்டு கிளாஸா? எல்லாருக்கும் தப்புப் போடு பவானி."

பவானி சிவப்புப் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றாமலே மேசையில் வைத்தாள்.

"நான் குடுத்த விடைதான் தப்பு மேடம். இவுக போறதுல எனக்குச் சம்மதமில்ல."