ஓணான் எழுதிய விமர்சனம்

வேலியோரத்து ஓணான் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். கட்டைவிரல் உயரத் தையல்சிட்டின் கச்சேரிக்கு இத்தனை கூட்டமா என்று அதற்கு வயிறெரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டது. பிறகு ஒரு பூவரச இலை நிறைய எழுதி வேலியில் செருகியது: “காந்தர்வ கிரந்தத்தின் ஏழாம் பிரகரணம் கண்டிக்கும் அநுநாசிக அவரோகண விபரீதம்!”

மறுநாள் அணில் வந்தது. “அண்ணே, நீங்க எழுதினதுல ஒரு வார்த்தைகூடப் புரியல. ஆனா பாட்டு முடியுற வரைக்கும் உங்க தலை ஆடினதை எல்லாரும் பார்த்தோம். அதான், இனிமே தினமும் சிட்டையே பாடச் சொல்லலாம்னு இருக்கோம். சரிதானே?”

கூடவே கூடாது என்று கத்த வாயைத் திறந்தது ஓணான். காற்றுதான் வந்தது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.