ஒஸ்டினுக்கு ஒரு பெல்ட்

“எங்க போய்த் துலைஞ்சனீர்? காலமை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டனான். இப்ப பன்ரெண்டு.”

பாக்கியரத்தினத்துக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கர் அவர். அவர் கூப்பிட்டு ஒருவர் நான்கு மணி நேரம் கழித்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மெக்கானிக் ஸைனுலாப்தீன் சைக்கிளைக் கன்னியாச் சந்தி மரத்தில் சாய்த்தார். அவர் முகமும் நல்லாயில்லை.

“நீங்க பஸ் கண்டக்டரிட்டத்தானே சொல்லிவிட்டீங்க? அவன் வாய் நிறைய வெத்திலையோட, ‘ஐயாட கார் கிண்ணியாவில கொதிச்சுப்போய் நிக்கிது’ எண்டான். நான் பஸ் ஏறி, மிதவைப் பாதையில துறை கடந்து, அந்த வெயிலுக்க கிண்ணியா முழுக்கத் தேடினன்.”

“கன்னியா எண்டு வடிவாச் சொன்னனான்.”

“அவன்ட வெத்திலை வாய்க்குக் கன்னியாவும் ஒண்டு, கிண்ணியாவும் ஒண்டு. நான் கடைக்குத் திரும்பி வந்த பொறகுதான் துப்பிப்போட்டு விளக்கமாச் சொன்னான்.”

“சரி, விண்ணாணம் கதைக்காமல் காரைப் பாரும். அவசரமா ஒரு செத்த வீட்டுக்குப் போகவேணும்.”

செத்த வீடு என்பது பொய். அவருடைய மகள் புஷ்பவதி விடியற்காலையில் தபால் கந்தோர்ப் பொடியன் ஒருவனோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். அலுமாரியில் மனைவி நல்லம்மாவின் அரக்கு நிறக் கூறைச் சேலையையும் காணவில்லை. “பொடியன்ர ஊர் வவுனியா. அங்கதான் போயிருப்பினம், ஓடுங்கோ” என்று நல்லம்மா அழுதுகொண்டே சொல்ல, அவர் வவுனியா றோட்டில் காரை விரட்டினார். புறப்படும்போதே பஞ்சாங்கம் பார்த்துவிட்டார். பின்னேரம் மூன்று மணிக்கு முன் தாலி கட்ட நல்ல நேரம் இல்லை. அதற்குள் போய்ச் சேர்ந்தால் மகளைக் கையோடு இழுத்து வந்துவிடலாம். இதையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி, நாளைக்கு ஊர் சிரிப்பதா?

ஸைனுலாப்தீன் ஒஸ்டின் காரின் பொனட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியில் சாக்குத் துண்டைப் போட்டு மெல்லத் திருகினார். உள்ளே விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார்.

“இதுக்க என்ன தண்ணி ஊத்தினீங்க?”

“பக்கத்தில கிணறு இருக்கு. நீர் வரக் கொஞ்சம் முந்தியும் அள்ளி ஊத்திக் கிளப்பிப் பாத்தனான்.”

“கன்னியா வெந்நீர் ஊத்துக் கிணத்துத் தண்ணியா? கொதிக்கிற காருக்குச் சுடுதண்ணியா ஊத்தினீங்க?”

“ஏழு கிணத்திலயும் கை வைச்சுப் பாத்து, சூடு குறைஞ்ச கிணத்திலதான் அள்ளினனான். எனக்குப் படிப்பிக்க வெளிக்கிடாதையும்.”

ஸைனுலாப்தீனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாய் வந்தன. “ஒண்டுக்கு நல்லதுதான். பச்சைத் தண்ணி ஊத்தியிருந்தா இஞ்சின் வெடிச்சிருக்கும்” என்றார். குழாய்களை அமுக்கிப் பார்த்தார். ஒழுக்கு இல்லை. குனிந்து, விசிறியைக் கையால் சுழற்றினார். அது தன்பாட்டில் சுற்றியது.

“பெல்ட் அறுந்து விழுந்திட்டு. விசிறியும் சுத்தல்ல, தண்ணிப் பம்பும் சுத்தல்ல. பொறகு கொதிக்காம என்ன செய்யும்? முன்னுக்குச் சிவப்பு லைட் பத்தியிருக்குமே, காணல்லயா?”

“கண்டனான்.”

“கண்டிட்டும் ஓடினீங்களா?”

“அது என்ர கார். பத்தினா பத்தட்டும். நீர் பெல்ட்டைப் போடும்.”

“பெல்ட் இல்லை.”

“இல்லையோ? கொதிக்கிற காருக்கு வெறுங்கையோட வாறவனெல்லாம் ஒரு மெக்கானிக்கோ? திருகோணமலையில கராச் திறந்து வைச்சிருக்கிறீர், வெக்கமாயில்லையோ?”

“ஒங்களுக்கெண்டு புதுப் பெல்ட் ஒண்டு எடுத்துக்கொண்டுதான் காலையில வெளிக்கிட்டனான். அது இப்ப இல்லை. கடையில வேற இல்லை. கத்தி என்ன பிரயோசனம்? அந்தச் சால்வையைத் தாங்க.”

“எந்தச் சால்வை?”

“தோள்ல கிடக்கிற சால்வைதான்.”

கச்சேரியில் பத்துப் பேரை எழும்பி நிற்க வைக்கும் சால்வை அது. பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். ஸைனுலாப்தீன் அதை நீளமாய்க் கிழித்து, முறுக்கி, பெல்ட் இருந்த இடத்தில் விசிறிச் சில்லையும் இஞ்சின் சில்லையும் சுற்றி இறுக்கி முடிந்தார்.

இஞ்சின் உறுமியது. விசிறி சுற்றியது. பத்து நிமிடம் ஓடவிட்டும் ஆவி கிளம்பவில்லை.

“முப்பது மைல் வேகத்துக்கு மேல போவாதீங்க. முடிச்சு அவிழ்ந்திரும்.”

பாக்கியரத்தினம் ஏறி உட்கார்ந்தார். மணி பன்னிரண்டே முக்கால். போய்விடலாம் என்ற நம்பிக்கை வந்ததும் விட்ட கோபமும் திரும்பி வந்தது.

“எனக்குக் கொண்டுவந்த பெல்ட்டை ஆருக்குக் குடுத்தனீர்? உம்மால என்ர குடும்ப மானமே போகப் பாத்தது, தெரியுமோ?”

செத்த வீட்டுக்குப் பிந்தினால் மானம் ஏன் போகிறது என்று ஸைனுலாப்தீனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்.

“கோவிக்காதீங்க ஐயா. கிண்ணியாத் துறையிலயும் இதே மாதிரி ஒரு ஒஸ்டின் பெல்ட் அறுந்து நிண்டிச்சு. ஒங்கட காரெண்டு நெனைச்சுத்தான் ஓடினன். பாத்தா உள்ளுக்க ஒரு கலியாணச் சோடி. வெருகல் முருகன் கோயில்ல தாலி கட்டப் போகுதுகளாம். சீலைத் துண்டு ஏதும் கிழிச்சுக் கட்டுவம் எண்டா, பொம்பிளை உடுத்திருந்தது அரக்குக் கூறை. கிழிக்க மனம் வரல்ல. அதுதான் ஒங்கட பெல்ட்டைப் போட்டுவிட்டன்.”

பாக்கியரத்தினம் இஞ்சினை நிறுத்தினார்.

“பாவம், அந்தப் பிள்ளை பயத்தில ஒரே அழுகை. பக்கத்தில இருந்த தாய்க்காரிதான் கண்ணைத் துடைச்சு விட்டா. ‘அழாத மகள், அப்பாவை நான் வவுனியா றோட்டால அனுப்பிப்போட்டுத்தான் வந்தனான்’ எண்டு சொன்னா.”