ஆள் பார்த்தால் சுற்றும் ஃபேன்

அந்தக் கார் சிக்னலில் நின்றால் மட்டும் கொதித்தது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் இருதயராஜ் பானட்டைத் திறந்து வைத்து, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டாலும் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டாது. எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றும். ஸ்கேனரும் ஒரு குறையும் இல்லை என்றது. போன வாரம் அவர் சந்தேகத்தில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். அப்புறமும் கொதித்தது.

"அடுத்தது நான்தான்," என்று பயந்தது சூட்டை அளக்கும் சென்சார். "நான் சரியாத்தானே சொல்றேன்? நீ ஏன் ரோட்டுல சுத்த மாட்டேங்கிற?"

"எனக்கே புரியலப்பா," என்றது ஃபேன். "ரோட்டுல எனக்குக் கரண்டே வர்றதில்ல. இவர் வந்து நின்னா தானா வருது. எனக்கென்ன பைத்தியமா?"

மேலே நிமிர்ந்து நின்ற பானட் சீறியது. "ஆள் பார்த்தா வேலை, பார்க்காட்டி தூக்கம்! உங்களைக் காவல் காத்துக் காத்து என் பெயின்ட் உரிஞ்சதுதான் மிச்சம்."

அப்படியும் இருக்குமோ என்று ஃபேனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இருதயராஜ் தலையைச் சொறிந்தார். புது ஃபேனுக்கு போனில் ஆர்டர் சொல்லிவிட்டு, பானட்டை இறக்கினார்.

"அதுவரைக்குமாவது யோக்கியமா இருங்க," என்றபடி பானட் தன் இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது. அதன் விளிம்புக்கு அடியில், ஃபேனுக்குப் போகும் வயர் எப்போதும்போல நசுங்கியது.