போட்டித் தோட்டா

என் பிஸ்டலுக்கும் ரெஜினாவின் பிஸ்டலுக்கும் ஒரே பாயிண்ட் இருபத்திரண்டு தோட்டாதான். ஆனால் அதிலேயே பயிற்சிக்கு மலிவான ரகம் ஒன்று, போட்டிக்குக் குறி பிசகாத ரகம் ஒன்று. கோச் போட்டித் தோட்டாவை அவளுக்கு மட்டும் கொடுத்தார். "உனக்கு இது போதும்மா" என்று என்னிடம் சொன்னது நான்கு மாதமாக நெஞ்சை அறுத்தது. மாநிலப் போட்டியன்று அவள் முகம் கழுவப் போன நேரத்தில், இரண்டு டப்பாவிலும் தோட்டாக்களை மாற்றி அடுக்கிவிட்டேன்.

அவளுக்குத் தங்கம். நான் ஏழாவது.

பதக்கத்தோடு நேராக என்னிடம்தான் வந்தாள். "எல்லாம் இந்தத் தோட்டாதான்க்கா. எனக்கு மட்டும் கொடுத்தாரேன்னு கஷ்டமா இருந்துச்சு. பதினோரு தோட்டா மிச்சம் இருக்கு, கோச்சுக்குத் தெரியாம நீ வச்சுக்க" என்று டப்பாவை என் கையில் திணித்தாள்.

என் பயிற்சித் தோட்டாக்கள். வாங்கிக்கொண்டேன். அப்போதும் எனக்கு அவளைத்தான் பிடிக்கவில்லை.