பின்சக்கரப் பிடிப்பு

நான்காவது முறையாக அவள் காரின் அடியிலிருந்து வெளியே வந்தாள்.

பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக அசையும் வண்டி. ஒன்று மேட்டில் ஏறினாலும் மற்றது தரையை விடாது.

விடக் கூடாது.

காலையிலிருந்து ஸ்பிரிங்குகளை மாற்றிப் பார்த்துவிட்டாள். சக்கரத் தாங்கிகளின் மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ்களைக் கழற்றிக் கெட்டியானவற்றைப் போட்டாள். சக்கரங்களின் சாய்வை நூல் கட்டி அளந்து திருத்தினாள். ஒவ்வொரு முறையும் தம்பி கிருபாகரன் பந்தயத் தடத்தில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதையே சொன்னான்.

"அந்த மூணாவது வளைவுல பின்னாடி வழுக்குதுக்கா."

போன வருடம் அதே வளைவில்தான் அவன் சுவரில் மோதினான். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. அந்த வண்டியையும் அவள்தான் தயார் செய்திருந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன்கூட.

நாளை மறுநாள் பந்தயம்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு தானே வண்டியை எடுத்தாள்.

முதல் சுற்றில் கார் அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. இரண்டாவதில் வேகத்தைக் கூட்டினாள். அப்போதும் பின்பக்கம் அசையவில்லை.

மூன்றாவதில், வளைவின் நடுவே, வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாள்.

எடை முன்னால் சாய்ந்தது. பின்பக்கம் லேசாகி வெளியே வீசியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து எப்படியோ நேராக்கினாள்.

திரும்பி வந்து இறங்கினாள். அவன் தடுப்புக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வழுக்கியதுதானே என்று கேட்டான். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பெட்டியில் இன்னொரு ஜோடி ஸ்பிரிங் இருந்தது.

"நான் காலை எடுத்தேன்டா. அதான் வழுக்குச்சு."

அவன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டான். அந்த இடம் வந்தாலே கால் தானாக மேலே வந்துவிடுகிறது என்றான். சுவரில் மோதிய சத்தம் இன்னும் கேட்கிறது என்றான். இதை யாரிடமும் சொன்னதில்லை என்றான்.

அவள் ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினாள். தனக்கு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றிப் போய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள்.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

பிறகு வந்து ஏறினான்.

முதல் வளைவு. இரண்டாவது.

மூன்றாவது வளைவு வந்தபோது அவள் அவன் காலைப் பார்க்கவில்லை. கண்களை மூடி என்ஜின் சத்தத்தைக் கேட்டாள்.

அது குறையவில்லை.