தேன் மாதிரி ரெக்கார்டு

முதலாளி மா தோங்பில் எதிரே பாடகி யூன்சல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் கிபோம். பார்ப்பதற்கு இருவரும் மன்னிப்புக் கேட்க வந்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

மா தோங்பில் கறுப்பு நூடுல்ஸை உறிஞ்சியபடியே திட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லும் வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

"நீராவிக் குளியல் மண்டபத்துல அறுபது பேரை டிவி முன்னாடி உட்கார வெச்சு, 'நம்ம பசங்க பாடறாங்க, பாருங்க'ன்னு பெருமையடிச்சேன். ரெண்டாவது வரியிலயே ஒருத்தன், 'ஐயோ, சேனலை மாத்துங்கப்பா'ன்னு கத்தறான். எல்லாரும் சிரிக்கறாங்க. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வெளியே வந்தேன்!"

"முதலாளி, அன்னைக்கு டிவி ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சுன்னா..." என்று கிபோம் ஆரம்பித்தான்.

யூன்சல் அவன் காலை மிதித்தாள்.

மா தோங்பில் முப்பது வருடம் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் லாரிக்காரர்களுக்குக் கேசட் விற்றவர். ஆர்கன் வாசிப்பவனையும் சேர்த்து மூன்று பேர் கொண்ட இந்த 'ஈரக்காலுறை' குழுவை ஏழு வருட ஒப்பந்தத்தில் வளைத்துப் போட்ட பிறகுதான் அவர் கம்பெனியின் பெயர் டிவியில் வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் முடிந்திருந்தது.

அவர்களுடைய முதல் ரெக்கார்டை மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அவரே 'சரிசெய்தார்'. எதிரொலி கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று யூன்சல் ஒருமுறை சொன்னதற்கு, நேற்று முளைத்தவளெல்லாம் தன் காதுக்குப் பாடம் எடுப்பதா என்று குதித்தார்.

இப்போது அந்த ரெக்கார்டைத்தான் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். உதட்டோரம் கறுப்புக் குழம்பு ஒட்டியிருந்தது.

"தேன்! இந்தக் குரலைச் சுத்தி ஒரு பஞ்சு மாதிரி வருதே, அது என் கைவண்ணம். பின்னாடி ஆர்கன் எப்படிக் கொஞ்சுது, கேளு. அதுவும் என் கை." பட்டென்று நிறுத்தினார். "டிவியில வந்துச்சே, அதெல்லாம் ஒரு பாட்டா? நீ கிணத்துக்குள்ள விழுந்து கத்தற மாதிரி இருக்கு. ஆர்கன், ஓய்விடத்துல விக்கிற மட்டமான கேசட் மாதிரி கொய்ங் கொய்ங்ங்குது."

தன் வயிற்றுப் பிழைப்பையே திட்டுகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

"இந்த மகராசனுக்குப் பாதிப் பாட்டுல குச்சி கீழே விழுந்துடுச்சு. குனிஞ்சு தேடறான்! அந்த டிவி நிகழ்ச்சி டைரக்டர் மூஞ்சியில இனிமே எப்படி முழிப்பேன்? 'ரெக்கார்டு டிஸ்க் ஒண்ணு முன்கூட்டியே கொடுத்தனுப்புங்க'ன்னு எவ்வளவு ஆசையாக் கேட்டான், தெரியுமா? நல்ல ரசிகன்னு நினைச்சு, தங்கக் காகிதம் சுத்தி, 'அன்புடன் மா தோங்பில்'னு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதைக் கேட்ட காதால உங்களையும் கேட்டானே, பாவம்!"

யூன்சல் மெல்ல நிமிர்ந்தாள். "டிவியில வந்ததைக் கேட்டுட்டு, ரெக்கார்டும் இப்படித்தான் இருக்கும்னு ஜனங்க நினைச்சிட்டா என்ன பண்றது, முதலாளி?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வீசினார். "ஒப்பந்தம் ரத்து. உங்க பேரும் எனக்கு வேணாம், உங்க பாட்டும் வேணாம். பொறுக்கிக்கிட்டுப் போங்க. உங்க கூட இருந்தா என் ரெக்கார்டு பேரும் நாறிப்போகும்."

யூன்சலின் கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க. நிஜமாவே ரெண்டுக்கும் அவ்வளவு வித்தியாசமா இருந்துச்சு?"

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! காது இருக்கிற கழுதைக்குக்கூடத் தெரியும். இரு, அதையும் சேர்த்தே எழுதறேன்."

இரண்டு தாளிலும் எழுதினார். 'தொலைக்காட்சியில் ஒலித்த அருவருப்பான சத்தத்துக்கும் எங்கள் நிறுவனத்தின் ரெக்கார்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆகவே இக்குழுவினர் தங்கள் பெயரோடும் பாடல்களோடும் இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்கள்.' எழுதியதைச் சத்தமாகப் படித்து அவரே ரசித்துக்கொண்டார்.

இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்து, முத்திரையில் வாயால் ஆவி ஊதி, சிவப்பு மையில் ஒற்றி, இரண்டின் ஓரத்திலும் பாதிப் பாதி விழும்படி அழுத்திக் குத்தினார். யூன்சல் தன் சட்டைப் பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் குத்துகிற தன் சின்ன முத்திரையை எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வருகிறவள் முத்திரையோடு ஏன் வரவேண்டும் என்று யோசிக்கிற அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

குழுவின் சார்பில் அவளும் குத்தினாள். மை காயும்வரை ஊதி, தன் தாளை மடித்து உள்பையில் பத்திரப்படுத்தினாள்.

"இன்னும் என்ன நிக்கறீங்க? கிளம்புங்க."

வாசல்வரை போன யூன்சல் திரும்பி, இடுப்பு மடியக் குனிந்து வணக்கம் சொன்னாள். நிமிர்ந்தபோது முகத்தில் கலக்கமே இல்லை.

"அந்த நிகழ்ச்சியில எந்தக் குழுவையும் வாசிக்க விடமாட்டாங்க, முதலாளி. நாங்க சும்மா கையை ஆட்டி வாயை அசைச்சோம். ஓடினது நீங்க தங்கக் காகிதம் சுத்தி அனுப்பின டிஸ்க்குதான்."